மேஸ்திரி தடவிய மருந்து

மரக்காணம் உப்பளத்தில் சக்கரபாணிக்கு மேஸ்திரி என்று பெயர். என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் சொல்வது கஷ்டம். காலையில் வந்து வரப்பில் குடை பிடித்து நிற்பார். பெண்கள் உப்புக்கூடையோடு ஓடும்போது "சீக்கிரம், சீக்கிரம்" என்பார். அந்தப் பெண்களில் ஒருத்தி அவர் மனைவி விருத்தாம்பாள். கல்யாணமான வருஷத்திலிருந்து சுமக்கிறவள். அவளுக்கும் அதே "சீக்கிரம்"தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு ரொம்ப அலைச்சல்" என்று கட்டிலில் சாய்ந்து காபி கேட்பவர் அவர். அடுப்படிக்குப் போகிறவள் அவள்.

போன வைகாசியில் ஒரு மத்தியானம் கடல் பக்கம் மேகம் கறுத்தது. பாதிப் பேர் பெருமுக்கலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வாரிப்போட்ட உப்பு கரைந்தால் உன் வேலை போய்விடும் என்று முதலாளி போனில் கத்தினார். வேறு வழியில்லாமல் சக்கரபாணி வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் கூடை ஏற்றினார். ஐம்பது தாண்டிய வயதில் அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்திலேயே முட்டி நடுங்கியது. பாதிக் கூடை வழியிலேயே சிந்தியது. கடைசியில் மழையும் பெய்யவில்லை.

அன்று ராத்திரி வீட்டில் கரண்ட் இல்லை. விருத்தாம்பாள் பாத்திரம் கழுவிவிட்டு அப்போதுதான் படுத்திருந்தாள்.

"காலு போச்சுடி. அந்த ஆயின்மெண்ட் எங்க வெச்ச?"

"கண்ணாடி பக்கத்துல ஷெல்ப்புல இருக்குது. எடுத்துக்கோங்க."

அவள் எழுந்து எடுத்துத் தருவாள் என்று காத்திருந்தார். அவள் எழவில்லை. முனகிக்கொண்டே இருட்டில் துழாவி ஒரு ட்யூபை எடுத்து, தொடை வரைக்கும் பூசினார். அறை முழுக்கப் புதினா வாசனை அடித்தது. பல் தேய்க்கும் பேஸ்ட் என்று விருத்தாம்பாளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"ஜில்லுனு இறங்குது பாரு" என்றார். "நீங்கல்லாம் தெனம் செய்யறவங்க, உடம்பு பழகிப்போயிருக்கும். எனக்கு அப்படியா? என் நரம்பே வேற."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"இடுப்புக்கும் போட்டுக்கோங்க" என்றாள்.

ட்யூபைச் சுருட்டிப் பிதுக்கி இடுப்புக்கும் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

விடிந்து பார்த்தால் கால் இரண்டும் சுண்ணாம்பு அடித்த தூண் மாதிரி இருந்தன. புரண்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்து கிடந்தது. விருத்தாம்பாள் காலி ட்யூபை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

வாங்கித் திருப்பிப் பார்த்தார். "நீதான் இடம் மாத்தி வெச்சிட்ட" என்றார். பிறகு, "ஆனா வலி நின்னுச்சா இல்லியா, அதச் சொல்லு."

அவள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் எதிரே ஒரு ஆள் இருக்க வேண்டும். ஷெல்ப்பிலிருந்த ஆயின்மெண்ட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அப்போ இதுல பல்லு தேய்ச்சுக்கோங்க."

வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டுக் கிளம்பினாள்.

"உடம்பு முடியலன்னு முதலாளி கிட்ட சொல்லிடு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

போகிற வழியில், கூடச் சுமக்கும் ஆராயியிடம் நடந்ததைச் சொன்னாள். வெயில் ஏறுவதற்குள் உப்பளம் முழுக்கத் தெரிந்து, பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அப்படியும் அன்றைக்கு வேலை வழக்கத்தைவிடச் சீக்கிரமே முடிந்தது. சாயங்காலம் வந்த முதலாளி, மேஸ்திரி எங்கே என்று கேட்கவே இல்லை.