சீட்டுக்காரர் எடுத்த மண்டபம்

அக்காவின் மகளுடைய சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் எடுத்தவர், அவளுடைய தகப்பன் கடன்பட்டிருந்த மனிதர். முற்பணத்தையும் அவரே கட்டியிருந்தார். சமையலுக்கு ஆள் சொன்னதும் படம் எடுப்பவரைப் பிடித்ததும் அவர்தான். அக்கா இதை ஒரு சனிக்கிழமை தொலைபேசியில் சொன்னாள். திகதி முடிவான பிறகுதான் அவளுக்கே தெரியவந்திருக்கிறது.

"நீ தாய்மாமன். நீ முன்னுக்கு நிக்கவேணுமாம். அண்ணை சொல்லச் சொன்னவர்," என்றாள்.

அண்ணை என்று அவள் சொன்னது அந்த மனிதரைத்தான். ஒஸ்லோவில் எங்கள் ஆட்களில் பலர் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் இங்கே சீட்டுக்காரர் என்று எழுதுகிறேன். அவருக்கு இருபது பேர் சேர்ந்த சீட்டு ஒன்று இருந்தது. மாதாமாதம் எல்லோரும் ஒரே தொகையைக் கட்டுவார்கள். அந்த மாதத்துப் பணத்தை ஒருவர் எடுப்பார். அவசரக்காரர் பெரிய கழிவு கூறி முதலில் எடுக்கலாம். குறைவாகத்தான் கிடைக்கும், ஆனால் கடைசி மாதம் வரைக்கும் முழுத்தொகையைக் கட்டவேண்டும். எழுத்தில் எதுவும் கிடையாது. நம்பிக்கை என்று அதைச் சொல்வார்கள்.

அத்தான் இரண்டாவது மாதமே சீட்டை எடுத்தார். திராமன் நகரில் காய்கறிக் கடை போடுவதற்கு அது போதாமல் வங்கிகளிலும் கடன் வாங்கினார். முருங்கைக்காயும் கீரையும் விமானத்தில் வந்து இறங்கின. வாங்குவதற்கு ஆட்கள் வரவில்லை. வந்தவர்கள் கொப்பியில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள். கடை இரண்டு குளிர்காலம் தாங்கியது.

அதன் பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கினார்கள். வங்கிக் கடனை அறவிடும் 'இன்காசோ' நிறுவனங்கள் கடிதம் அனுப்பின. அவை முகத்தில் அடித்ததுபோல் இருக்கும்; ஆனால் எவ்வளவு, எந்த நாளுக்குள், மறுப்பதானால் எங்கே எழுதவேண்டும் என்று எல்லாம் அவற்றில் இருக்கும். சீட்டுக்காரர் கடிதம் எழுதுவதில்லை. நேரே வீட்டுக்கு வருவார். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்து, சீனி போடாத தேநீர் கேட்பார். அக்காவின் மகளிடம் படிப்பைப் பற்றி விசாரிப்பார். ஒரு தடவையேனும் குரலை உயர்த்தியதில்லை. போகும்போது வாசலில் நின்று, சீட்டில் இன்னார் தகப்பனுடைய சத்திரசிகிச்சைக்குப் பணம் எதிர்பார்த்திருக்கிறார், இன்னாருக்கு வீட்டு முற்பணம் கட்டவேண்டும் என்று மெதுவாகச் சொல்வார். பொய்யில்லை. அந்தக் கடன் உண்மையான கடன். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

ஆனால் யாழ்ப்பாணத்தில் தனியாக இருக்கும் அத்தானின் தாயிடம் சீட்டுக்காரருடைய தம்பி போனதற்கு அந்த நியாயம் போதாது. அவன் அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்து, வாசல் கேற்றையும் கிணற்றையும் மனுசியையும் படம் எடுத்து அனுப்பியிருந்தான். கீழே ஒரு வரி: "அம்மாவைப் பாத்தனாங்கள். சுகமா இருக்கிறா. தனியத்தான் இருக்கிறா." இதில் மிரட்டல் எங்கே என்று பொலிசில் கேட்டால் காட்ட முடியாது. பத்து வருடம் பத்திரிகையில் இருந்திருக்கிறேன். நானே அதைச் செய்தியாக எழுத முடியாது. அத்தான் அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விடுவார்.

இந்த நாட்டில் கடனில் மூழ்கியவருக்கு ஒரு வழி இருக்கிறது. 'நாம்ஸ்மன்' என்ற அரச அலுவலரிடம் போனால், எல்லாக் கடனையும் ஒன்றாகப் பார்த்து, சீவிப்பதற்கு வேண்டியதை விட்டுவிட்டு, மிச்சத்தை எல்லோருக்கும் அளவாகப் பிரித்துக் கொடுக்க ஒழுங்கு செய்வார். ஒரு கடனையும் மறைக்கக்கூடாது. ஒருவருக்கு மட்டும் முன்னதாகக் கொடுக்கவும் கூடாது. அத்தான் போகமாட்டேன் என்றார். எங்கட ஆக்களின்ரை பேரை வெள்ளைக்காரனுக்கு எழுதிக் குடுக்கிறதோ என்று என்னையே திருப்பிக் கேட்டார். வங்கிக்குக் கட்டாமல் விடலாம், சீட்டுக்குக் கட்டாமல் விட்டால் ஆர் முகத்தில் முழிக்கிறது என்றார். அக்காவின் மாதச் சம்பளத்தில் முதலில் சீட்டுக்காரருக்குப் போகும். வங்கிக் கடன் வட்டியோடு வளரும். எங்கள் ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய முட்டாள்தனம் இது. மானம் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

மண்டபம் எடுக்கும் யோசனை இந்த இடத்தில்தான் வந்தது. சடங்குக்கு வருகிறவர்கள் மேடையேறிப் பிள்ளையோடு நின்று படம் எடுத்து, காசு வைத்த என்வலப் கொடுப்பார்கள். அத்தானும் அக்காவும் இருபது வருடமாக ஊரெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தாகவேண்டும், அதுதான் வழக்கம். சீட்டுக்காரர் இதை மனக்கணக்குப் போட்டிருக்கிறார். செலவு அவருடையது. என்வலப் பெட்டி அவருடைய மனைவியின் பொறுப்பில் இருக்கும். செலவையும் சீட்டு நிலுவையையும் கழித்து மிச்சத்தை அத்தானிடம் கொடுப்பார். அத்தான் ஓம் என்றிருக்கிறார். நன்றியும் சொல்லியிருக்கிறார்.

சடங்கு என்று ஒன்று பாக்கியிருக்கவில்லை. பிள்ளை பெரியவளானது அதற்கு முந்தைய வருடம். அப்போது ஸ்டோவ்னரில் அவர்களுடைய வீட்டுக் குளியலறையில், பிள்ளை உடுப்போடு தொட்டிக்குள் உட்கார்ந்திருக்க, அறுகம்புல் போட்ட பாலையும் தண்ணீரையும் நான்தான் அவளுடைய தலையில் வார்த்தேன். குளிர்கிறது என்று சிரித்தாள். அக்கா புட்டும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் கொடுத்தாள். அவ்வளவோடு முடிந்தது. தாய்மாமன் கடமையை நான் செய்து முடித்துவிட்டேன். மண்டபத்தில் மிச்சமிருந்தது மேடையும் பெட்டியும்தான்.

அக்கா தொலைபேசியில் சொன்ன அடுத்த நாள் பின்னேரம் அக்காவின் வீட்டுக்குப் போனேன். மருமகள் ரயில் நிலையத்துக்கு வந்திருந்தாள். தனியாகக் கதைக்கவேண்டும் என்று செய்தி அனுப்பியிருந்தாள். கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் ஒரு வாங்கில் இருந்தோம். கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தாள்.

"எனக்கு உது வேண்டாம் மாமா. அது ஃப்ளௌட்," என்றாள். மானக்கேடு என்பதற்கு இங்கத்தைப் பிள்ளைகள் சொல்லும் சொல் அது.

மேடை வேண்டாமா, சேலை வேண்டாமா என்று கேட்டேன். இரண்டும் பரவாயில்லையாம். சிநேகிதிகளுடைய சடங்குகளுக்குப் போய் ஆடியும் இருக்கிறாள்.

"அப்பாவும் அந்த அங்கிளும் கதைச்சவை. நான் றூமுக்குள்ளை இருந்தனான். இருநூறு பேர் வந்தா எவ்வளவு வரும், முந்நூறு பேர் வந்தா எவ்வளவு வரும் எண்டு. பிள்ளைக்குப் பல்லுக் கம்பி கழட்டினாப் பிறகு வைப்பம், படம் வடிவா வரும் எண்டு அங்கிள் சொன்னவர். அப்பா சிரிச்சவர்."

கடைசி வசனத்தைச் சொல்லும்போதுதான் அவளுடைய குரல் உடைந்தது. சீட்டுக்காரர் சொன்னதை விட, தகப்பன் சிரித்ததுதான் அவளுக்குள் இறங்கியிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு எங்கே போய் நிற்பதென்று தெரியவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை. அவளுடைய பல்லுக் கம்பி ஒரு மனிதருடைய நிலுவைக் கணக்கில் ஏறியிருக்கிறது.

வீட்டுக்குப் போனபோது சீட்டுக்காரர் முன்னறையில் இருந்தார். நான் வருவது அவருக்குத் தெரிந்திருந்தது. மருமகள் தன் அறைக்குள் போனாள், கதவைச் சாத்தவில்லை. நான் இருக்காமல் நின்றபடியே, மண்டபத்துக்கு வரமாட்டேன், தண்ணீர் வார்க்கமாட்டேன் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தாய்மாமன் இல்லாவிட்டால் ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் பேர்கனில் இருக்கிறாராம், கதைத்துவிட்டாராம். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு, கோபத்திலை முடிவெடுக்காதை என்றார்.

அக்கா அதுவரை குசினி வாசலில் நின்றாள். முன்னால் வந்து, பிள்ளைக்கு விருப்பமில்லை, மண்டபத்தை விடுங்கோ, முற்பணத்தை எப்படியாவது தருகிறோம் என்று பணிவாகத்தான் சொன்னாள். சீட்டுக்காரர் கோப்பையை வைத்தார்.

"பிள்ளை அழுகிறது பக்கத்து வீட்டுக்கும் கேக்கும் தங்கச்சி. தகப்பனுக்கு வேலை இல்லை, வீட்டிலை சண்டை. உங்கை பள்ளிக்கூடத்துக்கு ஆரும் ஒரு போன் எடுத்தாப் போதும், பார்னவெர்ன் வந்து நிக்கும். நான் செய்யமாட்டன். ஆரும் செய்யக்கூடும் எண்டு சொல்லுறன்."

பார்னவெர்ன் என்றால் பிள்ளைகள் நலன் பார்க்கும் அரச பகுதி. பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் எங்கள் வீடுகளில் எந்தப் பேயையும் விடப் பெரியது. தாய்மார் அந்தச் சொல்லைத் தணிந்த குரலில்தான் சொல்வார்கள். அவர் இதை எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறாரோ தெரியாது. வாய் பழகிய மாதிரித்தான் வந்தது.

அக்கா மேசையிலிருந்த தன் கைத்தொலைபேசியை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தாள்.

"எடுங்கோ அண்ணை. இதிலையே எடுங்கோ, நம்பர் நான் தேடித் தாறன். வாறவைக்கு நானே தேத்தண்ணி ஊத்திக் குடுத்து, மண்டபம் ஆர் எடுத்தது, பெட்டியிலை ஆர் இருக்கப்போறது எண்டு சொல்லுறன். பிள்ளையும் சொல்லுவாள். உங்களைவிட அவளுக்கு நல்ல நொர்ஷ்க் கதைக்கத் தெரியும்."

"பாத்துக் கதை," என்று தொடங்கினார் அத்தான்.

"நீங்கள் கதைக்காதையுங்கோ. நீங்கள் சிரிச்சனீங்கள்," என்றாள்.

யாரும் தொலைபேசியைத் தொடவில்லை. சீட்டுக்காரர் சப்பாத்துப் போடுவதற்கு நீண்ட நேரம் எடுத்தார். வாசலில் நின்று என்னிடம், "தம்பி, ஊருக்குள்ளை நாங்கள் எல்லாரும் இருக்கவேணும்," என்றார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன் என்றேன். அதற்கு மேல் கதைத்திருந்தால் கை நீட்டியிருப்பேன்.

அக்காதான் அத்தானைக் கூட்டிக்கொண்டு நாம்ஸ்மன் அலுவலரிடம் போனாள். சீட்டுக் கடனையும் மற்றக் கடன்களோடு சேர்த்துச் சொன்னார்கள். உங்களுக்குத் தரவேண்டிய கடன் உண்டு, பங்கு கேட்டு எழுதுங்கள் என்று அலுவலகத்திலிருந்து சீட்டுக்காரருக்கு அறிவித்தார்கள். அவர் எழுதவில்லை. எழுதினால் அந்தச் சீட்டே எழுத்தில் வந்துவிடும். வீடு விற்கப்பட்டது. இப்போது அவர்கள் லில்லெஸ்ட்ரோமில் சின்ன வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அத்தானுக்குப் பொதிகள் பிரிக்கும் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மகளோடு கதைக்கிறார், அவள் தேவைக்கு மட்டும் பதில் சொல்கிறாள்.

எங்களுக்கு அழைப்புகள் நின்றுவிட்டன. கடைகளில் ஆட்கள் வேறு வரிசைக்கு மாறுகிறார்கள். சீட்டில் போட்ட பணம் கிடைக்காமல் போன ஒரு பெண் மட்டும் நேரே வந்து அக்காவிடம் சண்டை பிடித்தாள். அவளுக்கு அந்த உரிமை இருந்தது. அக்கா தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். மற்றவர்களுக்கு ஒரு குரோனும் நட்டமில்லை. நாங்கள் ஆளைக் காட்டிக்கொடுத்தோம் என்பதுதான் அவர்களுடைய குறை. அத்தானின் தாயைப் படம் எடுத்து அனுப்பியதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. சொன்னால், அவர் சுகம் விசாரிக்கத்தானே அனுப்பினவர் என்கிறார்கள்.

முற்பணத்தைச் சீட்டுக்காரர் இழக்கவில்லை. அதே மண்டபத்தில், அதே நாளில் வேறொரு சடங்கு நடக்கப்போவதாக அறிந்தேன். அந்தப் பிள்ளையின் தகப்பனும் சீட்டில் முந்தி எடுத்து நிலுவை வைத்தவர். அழைப்பிதழின் படம் ஒன்று கையிலிருந்து கைக்கு வந்து எனக்கும் வந்தது. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். அந்தப் பிள்ளைக்கும் ஒரு தாய்மாமன் இருந்தார். எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தேன். என்னை அறிமுகப்படுத்திவிட்டு, எங்கள் வீட்டில் நடந்ததை, கேட்ட ஒழுங்கிலேயே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பெட்டியில் யார் இருப்பார் என்று விசாரித்துப் பாருங்கள் என்றேன்.

அவர் கடைசி வரைக்கும் கேட்டார். பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது; அதைக் குறைத்தார்.

"எனக்குத் தெரியும் தம்பி," என்றார். "நானும் அவரின்ரை சீட்டிலைதான் இருக்கிறன்."

தொலைபேசியை முதலில் வைத்தது அவர்தான். சடங்கு நடந்த சனிக்கிழமை நான் மண்டபத்துக்குப் போய் வாசலில் நின்றேன். என்னைத் தெரிந்தவர்கள் பலர் காரை நிறுத்திவிட்டு, வெள்ளை என்வலப்புகளோடு என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் நின்று, உள்ளே வாவன் தம்பி, குளிருக்குள்ளை ஏன் நிக்கிறாய் என்று கேட்டார். அவரிடமும் நடந்ததைச் சொன்னேன். மெய்யோ என்று கேட்டுவிட்டு, உள்ளே போனார்.