லட்சத்தில் ஒன்றிரண்டு பேர்

அண்ணனைப் பரிசோதித்த டாக்டர் ஓர் இளம்பெண். மூக்கைத் தொடு, என் விரலைத் தொடு, குதிகாலும் விரலும் ஒட்டும்படி ஒரே கோட்டில் நட என்று வரிசையாகச் சொன்னார். அண்ணன் மூன்றாவது எட்டில் மேஜையைப் பிடித்துக்கொண்டான். சில வாரங்கள் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவோடு எங்களை உட்கார வைத்து, இதற்கு அட்டாக்சியா என்று பெயர் என்றார். உடம்பைத் தடுமாறாமல் வைத்திருக்கும் சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிற நோய்; குடும்ப வழியாக வருவது. பிறகு, எங்கள் வீட்டில் இதற்கு முன் யாராவது இப்படித் தடுமாறி நடந்தார்களா என்று கேட்டார்.

"அப்பா நடந்தாரு. ஆனா அது மைன்ஸால வந்தது," என்றேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

கோலார் தங்கவயலில் பிறந்தவர்களுக்கு என் பதில் விசித்திரமாகப் படாது. சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் ஆண்களுக்கு என்ன வந்தாலும் அதற்குக் காரணம் பூமிக்கு அடியில் இருந்தது, இல்லையென்றால் சாராயக் கடையில் இருந்தது. இருமினால் தூசி. காது மந்தமானால் வெடி. கால் பின்னினால், ஷிப்ட் விட்டு வரும் நேரமானால் உள்ளே இருந்த சூடு, சம்பள நாளானால் சாராயம். அப்பா நாற்பத்தைந்து வயதில் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கினார். பேச்சும் குழறியது. அத்தனை ஆண்டு ஆழத்தில் வேலை செய்தது நரம்பைத் தின்றுவிட்டது என்று லைனே சொன்னது. அப்பாவும் அப்படியே நம்பிச் செத்துப்போனார். சுரங்கத்தை மூடியபோது ஊரே அழுதது. அம்மா மட்டும், பிள்ளைகள் தப்பித்தார்கள் என்றாள். அண்ணனும் நானும் பெங்களூருக்கு வந்து லிங்கராஜபுரத்தில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடியேறினோம். அண்ணன் ஒரு நாள்கூட சுரங்கத்தில் இறங்கியவன் அல்ல.

டாக்டர் அடுத்துப் பெண்களைப் பற்றிக் கேட்டார். அப்போதுதான் அப்பாவின் அக்கா நினைவுக்கு வந்தாள். அத்தை குழாயடியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் பாதிக் குடம் தளும்பிக் கொட்டிவிடும். ரகசியமாகக் குடிக்கிறாள் என்று பேச்சு இருந்தது. அவள் வீட்டில் எதுவும் வாங்கித் தின்னக்கூடாது என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தார்கள். நானும் தின்றதில்லை.

டாக்டர் ஒரு தாளில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று வரைந்தார். அப்பாவின் சதுரத்தையும் அத்தையின் வட்டத்தையும் அண்ணனின் சதுரத்தையும் மையால் நிரப்பினார். அண்ணனுக்குப் பக்கத்தில் ஒரு வட்டத்தைக் காலியாக விட்டு, அதற்குக் கீழே இன்னொரு காலி வட்டம் போட்டார். மேலே இருப்பது நான், கீழே இருப்பது என் மகள் என்று புரிந்தது.

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறவள். பயம் வந்தால் எண்களைத் தேடுவேன். இது எத்தனை பேருக்கு வரும் என்று கேட்டேன். டாக்டர் கன்னடமும் தமிழும் கலந்து பொறுமையாகச் சொன்னார். இதில் பல வகை உண்டு. உலகம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேர், சிலர் கணக்குப்படி இன்னும் கொஞ்சம் அதிகம். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. ஏதோ ஒரு தீவில் ஒரு வகை மிக அதிகம். வடக்கே ஒரு சமூகத்தில் வேறொரு வகை. தமிழ்நாட்டில் சில ஊர்களில் இன்னொன்று. ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்து ஓர் இடத்தில் தங்கினால், அங்கே கணக்கு ஏறிவிடும்.

"எங்க ஊர்ல?" என்றேன்.

"அங்க யாரும் எண்ணிப் பார்த்த மாதிரி தெரியலம்மா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கீழே இறங்குகிறவர்களை டோக்கன் வைத்து எண்ணி அனுப்பி, ஏறி வரும்போது டோக்கன் வைத்து எண்ணிய ஊர் அது.

படிவத்தில் சொந்த ஊர் என்ற இடத்தில் நான் கே.ஜி.எஃப். என்று எழுதியிருந்தேன். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம். அதற்கு முன்னால் எந்த ஊர் என்று டாக்டர் கேட்டார். வட ஆற்காடு பக்கம் என்பதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை, அண்ணனுக்கும் தெரியவில்லை. ஒரு மேஸ்திரி கூட்டி வந்த பல குடும்பங்கள் ஒரே லைனில் இருந்தன என்று மட்டும் சொன்னேன். சொல்லும்போதே, அந்த லைனில் சுவரைப் பிடித்து நடந்த வேறு இருவரின் முகம் நினைவுக்கு வந்தது. இருவரும் அப்பா இறங்கிய அதே ஷாஃப்ட் குழியில் வேலை செய்தவர்கள். ஷாஃப்ட்டைத்தான் குற்றம் சொன்னோம்.

குடும்பத்துக்குள் வந்துவிட்டால் லட்சக் கணக்கு செல்லாது என்றார் டாக்டர். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. உங்களுக்கு இல்லையென்றால் உங்கள் மகளுக்கு வராது. தெரிந்துகொள்ள ரத்தம் கொடுக்கலாம், கட்டாயமில்லை, தெரிந்துகொண்டாலும் குணப்படுத்த மருந்தில்லை. யோசித்து வாருங்கள் என்றார்.

ஆட்டோவில் வரும்போது அண்ணன் சொன்னான், "எத்தினி வாட்டி லாட்டரி சீட்டு வாங்கினேன், ஒண்ணு விழுந்துச்சா? லட்சத்துல ஒருத்தன்னா இது மட்டும் கரெக்டா வந்து வுழுது பாரு." நான் சிரிக்கவில்லை. அவன் விடவில்லை. "நீதான் டெய்லி டைரி எழுதுற ஆளாச்சே. நான் எப்ப தள்ளாட ஆரம்பிச்சேன்னு பாத்து சொல்லு, டாக்டரம்மா கேட்டாங்க இல்ல."

பார்த்தேன். இருபத்தாறு ஆண்டு டைரிகளும் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. எட்டு ஆண்டுக்கு முன்பு, வேளாங்கண்ணிக்குப் போன ஒரு நாளில் இருந்தது: "அண்ணன் ரயிலிலிருந்து இறங்கும்போது தடுமாறினான். குடித்திருந்தான்." அதற்குப் பிறகு ஒரு கல்யாணம், ஒரு ஞானஸ்நானம், ஒரு கிறிஸ்துமஸ். மொத்தம் ஏழு இடத்தில், என் நேரான கையெழுத்தில், குடித்திருந்தான், குடித்திருந்தான். அண்ணன் குடிப்பதை நான் ஒரு தரம்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அத்தைக்கு லைன் செய்ததை நான் அண்ணனுக்குச் செய்திருந்தேன். அவனிடம் தேதியை மட்டும் சொன்னேன்.

இந்த நோய் கையெழுத்தையும் கோணலாக்கும் என்று கேட்டிருந்ததால், அன்றிலிருந்து என் கையெழுத்தைப் பழைய டைரியோடு வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. காலையில் காபி வைப்பதற்கு முன் கூடத்து டைல்ஸ் இணைப்பின்மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடந்து பார்ப்பேன். சில நாள் பத்து எட்டும் நேராக வரும். ஒரு நாள் ஏழாவதில் கால் விலகியது. அந்த நாள் முழுக்க அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழப் பயந்து உட்கார்ந்திருந்தேன். ரத்தம் கொடுக்கப் போகவில்லை. தெரியாமல் இருக்கும்வரை, நோய் இல்லை என்பதற்குப் பாதி வாய்ப்பாவது இருக்கிறதே என்று நினைத்தேன்.

மகளிடம் நோயின் பெயரைச் சொல்லியிருந்தேன், பாதிக்குப் பாதியைச் சொல்லவில்லை. இருபத்துமூன்று வயது, தொம்மலூரில் ஓர் ஆபீசில் வேலை. ஒரு ஞாயிறு காலை பூசைக்குக் கிளம்பிச் சேலையோடு அறையிலிருந்து வந்தேன். கூடத்தில் அவள் எனக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து, அதே டைல்ஸ் கோட்டில் மெல்ல நடந்துகொண்டிருந்தாள். வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

திரும்பி என்னைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். "மாமாக்கு ரிசல்ட் வந்ததுலேர்ந்து. நெட்ல எல்லாம் படிச்சிட்டேன்மா," என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "உனக்கு இல்லன்னா எனக்கும் இல்லதானே?"

"ஆமா."

"இருந்தா?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. கிளம்பு, பூசைக்கு நேரமாச்சு என்றேன். சர்ச்சுக்கு இருவரும் கைகோத்து நடந்தோம். யார் யாரைப் பிடித்துக்கொண்டோம் என்று சொல்ல முடியாது.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போனேன். மகளும் வந்தாள். டாக்டர் மறுபடி எல்லாவற்றையும் சொல்லி, நிச்சயம்தானா என்று இருமுறை கேட்டார். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டேன். கடைசி எழுத்தின் வால் கோட்டுக்கு வெளியே கோணலாகப் போயிருந்தது. மகளும் அதைப் பார்த்தாள். ஊசியை எடுத்த பிறகு பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு படியில் ஒவ்வொன்றாக இறங்கினேன்.

முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். அன்று டைரியில், "ரத்தம் கொடுத்தேன். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது" என்று எழுதினேன். ஏன் என்று இந்த முறை எழுதவில்லை.