பூவாளியோடு போன வீரர்

"நீங்க பேசி முடிங்க, கூப்பிட்டா வரேன்" என்று சொல்லிவிட்டு, பூவாளியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார் சாமி. கண்ணாடிக் கதவை மறக்காமல் இழுத்துச் சாத்தினார். உள்ளே நாங்கள் அரண்மனைக்குள் புகுந்து திருடுவது எப்படி என்று குசுகுசுக்க ஆரம்பித்தோம். வெளியே அவர் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுச் செடிகள் ஒவ்வொன்றாக வேர் அழுகிச் சாவதற்கு எங்கள் திருட்டுப் புத்திதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் ஆடுவது ஒரு கதை விளையாட்டு. சாமியின் மைத்துனன் கதையை நடத்துவான். வீடும் செடிகளும் அவனுடையவை. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம், மேசையில் விரித்த வரைபடத்தில் நகர்த்த ஆளுக்கொரு குட்டிப் பொம்மை. என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும், அது பலிக்குமா என்று இருபது முகப் பகடை சொல்லும். மருந்துக்கடை வைத்திருக்கும் அக்கா ஒரு மந்திரவாதி. எந்தப் பிரச்சினை வந்தாலும் முதலில் நெருப்பு வைப்பார். பள்ளியில் மாணவர்களை நடுங்க வைக்கும் கணக்கு வாத்தியார் இங்கே பிக்பாக்கெட். நான் குடிகாரப் பாடகன். இந்தக் கும்பலுக்கு நடுவே தெய்வபக்தியும் நேர்மையுமாக ஒரு வீரர். அவர்தான் சாமி.

அந்த வேடம் அவர் தலையில் வேண்டுமென்றே கட்டப்பட்டது. "மாமா, உங்களுக்குத்தான் இது கரெக்டா இருக்கும்" என்று மைத்துனன் கேலியாகக் கொடுத்தான். அணையாச் சுடர் என்ற தெய்வத்துக்குத் தொண்டு செய்யும் வீரர். பொய் சொல்வதில்லை என்று விரதம். ஒரு பொய் சொன்னாலும் தெய்வம் கொடுத்த சக்தி அத்தனையும் போய்விடும். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஏனென்றால் சாமியின் தொழில் பழைய கார் வாங்கி விற்பது.

அவர் கடையில் நானே பார்த்திருக்கிறேன். "வண்டி எங்கயாச்சும் அடிபட்டிருக்கா?" என்று வாங்க வந்தவர் கேட்பார். "எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க" என்பார் சாமி, பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. பின்னால் இடிபட்ட வண்டி என்றால் டிக்கியில் விரித்திருக்கும் பாயைத் தூக்கினால் தெரிந்துவிடும். சாமி வண்டி வாங்கும்போது அந்தப் பாயைத் தூக்கவே மாட்டார். "பாத்தா தெரிஞ்சிடும். தெரிஞ்சா சொல்லணும். எதுக்குங்க வம்பு?" என்று கண்ணடிப்பார்.

ஆனால் மேசைக்கு வந்தால் ஆளே வேறு. பகடையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் உருட்ட மாட்டார். எந்தக் கதவையும் திறப்பதற்கு முன் "ஒரு நிமிஷம், கும்பிட்டுக்கறேன்" என்று எங்களை நிறுத்திவைப்பார். கதவுக்குப் பின்னால் இருக்கும் பூதம் அதுவரை காத்திருக்கும். அக்கா ஒரு சத்திரத்தைக் கொளுத்தியபோது நாங்கள் ஓடிவிட்டோம். சாமி மட்டும் நின்று, எரிந்த கூரையை வேய்ந்து கொடுத்துவிட்டுத்தான் வந்தார். அதற்கே இரண்டு ஞாயிறுகள் போயின. கார் கீறலுக்குத் தடவும் வெள்ளை பெயின்ட்டால் தன் வீரர் பொம்மைக்கு அவரே கவசம் தீட்டியிருக்கிறார். எங்கள் பொம்மைகளிலேயே பளபளப்பது அதுதான்.

பால்கனி ஏற்பாடும் அவர் கண்டுபிடித்ததுதான். "நீங்க திட்டம் போடறத நான் காதால கேட்டேன்னா, நாளைக்கு எவனாச்சும் கேட்டா சொல்லிடுவேன். அதனால நான் வெளிய நிக்கறேன்." அவர் வெளியே நிற்கும் நேரம் அவருடைய வீரரும் கோயில் தேடிப் போயிருப்பதாகக் கணக்கு. எல்லாருக்கும் இது வசதியாக இருந்தது, செடிகளைத் தவிர.

அன்று போட்ட அரண்மனைத் திட்டம் சொதப்பிவிட்டது. கிரீடமும் கையுமாக வாத்தியார் பிடிபட்டார். மைத்துனன் குரலைக் கனமாக்கிக்கொண்டு, தளபதியாகச் சாமியிடம் பேசினான்.

"இவனுக்குக் காலையில தூக்கு. ஆனா நீ பொய்யே பேச மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுது. இவன் திருடினானா? தெரியாதுன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாக்கூடப் போதும், சந்தேகத்தோட பலன்ல விட்டுடறேன்."

வாத்தியாருக்கு உயிரே வந்தது. "சாமி, சொல்லிடுங்க! நீங்க வெளியதானே இருந்தீங்க? ஒண்ணுமே கேக்கலையே. அது பொய்யே இல்லீங்க!" அவர் குரல் உண்மையாகவே நடுங்கியது. பார்த்துப் பார்த்து வளர்த்த திருடன். செத்தால் செத்ததுதான், இந்த விளையாட்டில் திரும்ப வர முடியாது.

"சொல்லுங்களேன், வார்த்தைக்கு வார்த்தை சரிதானே" என்றார் அக்கா. மைத்துனனே தளபதி குரலை விட்டு இறங்கி வந்தான். "மாமா, தெரியாதுன்னா விரதம் கெடாது. நான் ஒத்துக்கறேன்."

சாமி பகடையை உள்ளங்கையில் வைத்து உருட்டியபடி பால்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கண்ணாடிக் கதவுப்பா" என்றார் கடைசியில். "நீங்க கையை ஆட்டி ஆட்டிப் பேசறது தெரியும். எதுக்கு என்னை அனுப்பறீங்கன்னும் தெரியும். தெரிஞ்சுடக் கூடாதுன்னுதானே போய் நின்னேன்? அப்புறம் எனக்குத் தெரியாதுன்னு எந்த வாயால சொல்றது?" பகடையை உருட்டுவதை நிறுத்திவிட்டு, "இந்த வசனம் எனக்குப் புதுசில்ல. கடையில தினம் சொல்றதுதான். இங்க வேண்டாம்" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது, அவர்மேல் பாசமாகவும் இருந்தது.

சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "தளபதி, அவன் திருடினது உண்மை. தடுக்க வேண்டிய நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நின்னதும் உண்மை. தூக்குல போட்டே ஆகணும்னா என்னைப் போடுங்க, அவனை விடுங்க."

"யோவ், உம்மை யாருய்யா சாகச் சொன்னது?" என்று வாத்தியார் எழுந்தே விட்டார்.

மைத்துனன் சாமியின் கையைக் காட்டினான். "பகடையைப் போடுங்க மாமா. பத்துக்கு மேல வந்தா தளபதி மனசு இரங்கும். இல்லைன்னா நீங்க சொன்னபடிதான்."

சாமி பகடையைக் கண்ணில் ஒற்றி உருட்டினார். அது வெள்ளைக் கவசப் பொம்மையில் இடித்துத் திரும்பி நின்றது. பதினொன்று. அக்கா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தளபதி திருடனை அவிழ்த்துவிட்டு, தூக்குக்குப் பதிலாக வீரரைச் சிறையில் போட்டார். சாமிக்கு ஒரே சந்தோஷம். "சிறையில ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கு? காலையில கும்பிடணும்" என்று விசாரித்தார்.

அடுத்த ஞாயிறு எங்கள் மூன்று பொம்மைகளும் அந்த ஜன்னலுக்கு அடியில் கூடின. சாமியைச் சிறையிலிருந்து எப்படியாவது கடத்திவிட வேண்டும். "கொளுத்திடலாம்" என்று ஆரம்பித்தார் அக்கா. "அக்கா, உள்ள நான் இருக்கேன்" என்றார் சாமி.

சதி என்றதும் வழக்கமான வேலை ஞாபகம் வந்துவிட்டது. வாத்தியாரே ஓடிப்போய்ப் பூவாளியை நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினார். "சாமி, கொஞ்ச நேரம் வெளிய..."

சாமி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். நாங்கள் தலைகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டோம். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், சாமி உள்ளேயே நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்து, நிரம்பிய பூவாளியை எங்கள் வரைபடத்துக்கு நட்டநடுவில் வைத்தார். பிறகு தன் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.