அப்பா எனக்குத் தெரியாமல் பொருத்திய கார்டு

இறைவனில் இளைப்பாறும் எங்கள் அப்பா சைதாப்பேட்டையில் பிறந்தவர். சிறு வயதில் தந்தையை இழந்து, டியூஷன் எடுத்தே படித்து, சாந்தோமில் கணக்கு ஆசிரியராகி அங்கேயே குடியேறினார். அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை என்று இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். என்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறார்.

எங்கள் வீட்டில் டிவியோடு இணைத்து ஓட்டும் பழைய ஹோம் கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. அது மக்கர் செய்தால் அப்பாவும் நானும்தான் திறப்போம். நான் விளக்கப் புத்தகத்தை ஒவ்வொரு படியாக வாசிப்பேன். அவர் செய்து முடித்து "ஆச்சு" என்பார். அந்தச் சொல் வராமல் நான் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. தம்பி கிட்டே வந்தால் விரட்டிவிடுவேன்.

அதன் வேகத்தைக் கூட்ட ஒரு புராசசர் கார்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கொடுத்தேன். ஞாயிறு பூசை முடிந்து, நான் குடியிருக்கும் அடையாறிலிருந்து வரும்போதெல்லாம் அப்பா மடியில் பேப்பரை விரித்து, கைகளை அதற்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"இன்னும் பொட்டலத்தையே பிரிக்கல பாப்பா. கண்ணாடி மாத்திட்டு சேர்ந்தே போடலாம்."

நம்பினேன். ஆறு மாதம் இப்படியே போயிற்று. பிறகு காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேயும் கைகள் போர்வைக்குள்தான். குளிருகிறது போல என்று நானே இன்னும் இழுத்துப் போர்த்திவிட்டேன். மறுநாள் அப்பா போய்விட்டார்.

அடக்கம் முடிந்த வாரம் கம்ப்யூட்டரைத் திறந்தேன். கார்டு உள்ளே இருந்தது. பக்கத்தில் அதன் விளக்கத்தாள். ஒவ்வொரு படிக்கும் எதிரே பென்சிலில் "ஆச்சு". கரும்பலகையில் அச்சுப்போல் எழுதிய அப்பாவின் கையெழுத்து கோணல்மாணலாகக் கிடந்தது. கார்டைச் சொருகும் கடைசிப் படிக்கு மட்டும் தம்பியின் எழுத்து.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கை நடுங்க ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சுக்கா. உன் முன்னாடி ஆடக் கூடாதுன்னு முதல்லயே தனியா போட்டுப் பாத்தாரு. சொருக முடியல. நான்தான் அழுத்தினேன்."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"நீ அழுது ஊரையே கூட்டுவேன்னாரு. அம்மாவும் சொல்லாதேன்னாங்க."

அம்மாவுக்குத் தெரியும். தம்பிக்குத் தெரியும். மருந்துக் கடைக்காரருக்குக்கூடத் தெரியும். ஒரே ஒரு பாலம் தாண்டியிருந்த எனக்கு மட்டும் தெரியாது. அப்பா, அம்மா, தம்பி, மூன்று பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிவிட்டீர்கள். ஒரு வருடம் ஆகியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. "இதையெல்லாமா மலர்ல போடுவாங்க?" என்றார் அம்மா. போடத்தான் வேண்டும்.

சிகிச்சை அளித்த மருத்துவருக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத் தந்தைக்கும், அடக்கத்தில் தோள் கொடுத்த எங்கள் தெருக்காரர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி கூறுகிறேன். அப்பாவைக் கடைசிவரை கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர்கள் அம்மாவும் தம்பியும்தான். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவர்களுக்கு நன்றி எழுத இன்னும் மனம் வரவில்லை. நடுங்கும் கையைப் பிடித்துக்கொள்ள எனக்கும் தெரியும்.