வெறும் பட்டியலுக்குப் பச்சை விளக்கு

“ஒண்ணு கெடைக்கலேன்னாலும் சும்மா வந்துடணுமா, இல்ல ரெண்டுமே கெடைக்கலேன்னாதானா?” இப்படிக் கேட்ட அம்மாளிடம் கணவர் வாங்கி வரச் சொன்னது வெங்காயமும் தக்காளியும்தான். மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு தானே கடைக்குக் கிளம்பிவிட்டார். வீட்டில் இப்படி என்றால் அலுவலகத்தில் கேட்கவே வேண்டாம். “டீ குடிக்க யாராவது வர்றீங்களா?” என்று ஒருத்தி கூப்பிட்டால், “யாராவதா, எல்லாருமா?” என்பார். ‘எல்லாமா அக்கா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கும் கோபித்துக்கொள்வதில்லை.

அவர் தொழில் அப்படி. ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிக்கு விதிகள் எழுதுகிறார். டாக்டர் மருந்து எழுதியதும் கணினி இரண்டு பட்டியல்களை எடுத்து ஒப்பிடும். மருந்தில் என்னென்ன இருக்கிறது என்பது ஒன்று. நோயாளிக்கு என்னென்ன ஒத்துக்கொள்ளாது என்பது இன்னொன்று. இரண்டிலும் ஏதாவது ஒன்று பொதுவாக இருந்தால் சிவப்பு. எதுவுமே இல்லாவிட்டால் பச்சை; நர்ஸ் ஊசி போடலாம். ‘ஏதாவது ஒன்று’ என்ற இடத்தில் ‘எல்லாம்’ என்று எழுதித் தொலைத்தால் உயிர் போய்விடும். அதனால்தான் அந்தக் கேள்வி அவர் நாக்கிலேயே குடியிருக்கிறது. எழுதிய நிபந்தனையை வாய்விட்டுப் படித்து, வரிக்கு ஒரு தட்டு மேசையில் தட்டுவார். பக்கத்து நாற்காலிக்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவு கவனமும் ஒரு நாள் போதவில்லை. சாலையில் அடிபட்டு நினைவில்லாமல் வந்த ஒரு பஸ் கண்டக்டரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லும் நிலையில் அவர் இல்லை. ஒத்துக்கொள்ளாதவற்றின் பட்டியல் வெறுமையாகக் கிடந்தது. வெறும் பட்டியலில் எது பொருந்தும்? கணினி பச்சை காட்டியது. ஊசி போட்டார்கள். தொண்டை வீங்கி மூச்சு நின்ற பிறகுதான் மனைவி ஓடி வந்து சேர்ந்தார். “அந்த மருந்து அவருக்கு ஆகவே ஆகாதுங்க” என்று வராந்தாவில் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், பாவம்.

விசாரணை நடந்தது. விதி எழுதியபடியே வேலை செய்திருக்கிறது, யார் மேலும் தவறில்லை என்று கையைக் கழுவினார்கள். நல்ல நியாயம்! அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. “ஒத்துக்காதது ஒண்ணுமே இல்லைன்னு சொல்றதும், யாருமே கேக்கலைங்கறதும் ஒண்ணாங்க? எனக்குத் தோணாமப் போச்சே” என்று தட்டின் முன் உட்கார்ந்து கணவரிடம் அழுதார். மறுநாள் ஒரே ஒரு வரி சேர்த்தார். பட்டியல் வெறுமையாக இருந்தால் மஞ்சள். யாராவது விசாரித்துப் பதியும்வரை, அல்லது டாக்டரே பொறுப்பேற்கும்வரை ஊசி கிடையாது.

அவசரப் பிரிவில் எந்நேரமும் மஞ்சளாகவே எரிந்தது. நர்சுகள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். டாக்டர்கள் மேலிடத்துக்குப் புகார் எழுதினார்கள். போன திங்களன்று மேலாளர் வந்து அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

“அந்த வரியை எடுத்துடுங்கம்மா. ஆளுங்க வரிசையில கெடக்குறாங்க.”

“எடுத்தா இன்னொருத்தர் சாவார், சார்.”

“லேட்டானாலும் சாவாங்க. எனக்கென்ன, ஆசையா?”

அவர் சொன்னதும் பொய்யில்லைதான். இருந்தும் கை கீபோர்டு பக்கம் போக மறுத்தது.

“என்னால முடியாது, சார்.”

“சரி, விடுங்க. என் சீட்ல இருந்து நானே எடுத்துக்கறேன்.”

மேலாளர் தன் அறைக்கு நடந்தார். அவருக்கு அந்த அனுமதி உண்டு. ஒரு நிமிட வேலை. அக்கா அவரைக் கூப்பிடவில்லை, எழுந்து பின்னாலும் போகவில்லை. தன் திரையில் தெரிந்த அந்த ஒற்றை வரியின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.