டப்பாவை இறுக்கி மூடச் சொன்ன ஸ்டெல்லா மேடம்

ஸ்டெல்லா மேடம் இறந்துவிட்டார். நேற்று சாயங்காலம், சிதம்பரத்தில் அவர் வீட்டிலேயே... ஹார்ட் அட்டாக்.

காலையில் தெரபி அம்மாக்கள் வாட்ஸ்அப் குரூப்பில்தான் பார்த்தேன். யாழினிக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஷூ கையிலேயே நின்றுவிட்டது.

இங்கே என் பதிவைப் படிக்கிற பல பேருக்கு மேடத்தைத் தெரியாது. என் மகள் யாழினிக்கு மூன்றரை வயது, இன்னும் பேச்சு வரவில்லை என்பது தெரியும். மஞ்சக்குப்பத்தில் ஒரு சென்டரில் அவளுக்குப் பேச்சுத் தெரபி கொடுத்தவர் அவர்தான். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவார்.

இந்த வாரம்தான் யாழினி ப்ரீ-ஸ்கூல் போக ஆரம்பித்திருக்கிறாள்.

ஸ்கூல் என்றாலே எனக்குப் பயம். வாய் திறந்து கேட்கத் தெரியாத பிள்ளை... தாகம் எடுத்தால்? பாத்ரூம் வந்தால்? "கொஞ்ச நாள் பாப்போம், செட் ஆகலன்னா நீங்க வேற எடம் பாத்துக்கணும்" என்று அட்மிஷன் அன்றே சொல்லிவிட்டார்கள்.

மேடத்திடம் போய் அழுதேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்த ஸ்கூல்ல ஆயா யாரு?"

ஆயா பேரை யார் விசாரித்து வைத்தது!

"டீச்சர் வருஷா வருஷம் மாறுவாங்க யாழினி அம்மா. புள்ள ஸ்நாக்ஸ் டப்பாவத் தூக்கிக்கினு போயி நிக்கப்போறது ஆயாகிட்டதான்."

அவரே ஸ்கூலுக்குப் போய்ப் பேசினார். லீவில் ஆயா வசந்தா அக்கா சென்டருக்கு வர ஆரம்பித்தார். "புள்ள ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி, ஸ்கூல் கொஞ்சம் புள்ளகிட்ட வரட்டுமே" என்பார் மேடம்.

அப்புறம் அந்த டப்பா. ஸ்நாக்ஸ் டப்பாவை வீட்டிலேயே இறுக்கி மூடி சென்டருக்கு எடுத்துப் போகணும். உள்ளே யாழினிக்குப் பிடித்த முறுக்கு. திறக்க முடியாமல் அவளே யாரிடமாவது கொண்டுபோய் நீட்டணும். அவள் கேட்கக் கற்றுக்கொள்கிற வழி அது. அதுவரை நான் திறந்து கொடுத்துவிடாமல் என் கை மேலேயே உட்கார்ந்திருக்கணும்.

ஒருநாள் யாழினி தானே டப்பாவைத் திறந்துவிட்டாள். நான் கைதட்டிவிட்டேன். மேடம் மூடியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"சார், லூசா மூடினது நீங்கதான?"

"பாவம் மேடம், சின்னப் புள்ள..."

"ஸ்கூலுக்கும் கூடவே போயி தொறந்து குடுப்பீங்களா? சொல்லுங்க, ஒங்களுக்கும் ஒரு யூனிபார்ம் தைக்கச் சொல்லிடலாம்."

வசந்தா அக்கா சிரித்த சிரிப்பைப் பார்த்து யாழினியும் சிரித்தாள்.

போகப்போக டப்பா வசந்தா அக்காவிடமே போக ஆரம்பித்தது. மேடம் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார், இவள் அவரைத் தாண்டிப் போவாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஒங்களத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறா மேடம்."

"அதுக்குத்தாம்மா சம்பளம் வாங்குறேன்."

அப்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம்... என்ன மனுஷி அவர்!

இன்றைக்கு லீவு போட்டு யாழினியையும் கூட்டிப்போகலாமா என்று யோசித்தேன். ஆனால் மேடம் போட்ட கண்டிஷன்... முதல் வாரம் லீவே கூடாது. பெல் அடிக்கும்போது அம்மா கேட்டில் நிற்கணும், பிள்ளை தேடக் கூடாது.

வசந்தா அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி, யாழினியை விட்டுவிட்டு சிதம்பரம் பஸ் ஏறினேன்.

அங்கே பந்தலில் சென்டர் அம்மாக்கள் எல்லாரும் இருந்தார்கள். ஒருத்தர்கூடப் பிள்ளையைக் கூட்டி வரவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஸ்கூலில்! மேடத்தைப் பார்ப்பதும் போனில் மணி பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தோம்.

அடக்கம் சாயங்காலம்தான். நாங்கள் ஒவ்வொருவராக எழுந்ததும், சொந்தக்காரர் ஒருவர் கேட்டேவிட்டார். "இன்னாம்மா, வந்ததும் வராததுமா கெளம்புறீங்க?"

மேடத்தின் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "போவட்டும் வுடுங்க மாமா. ஸ்கூல் வுடுற நேரம். அவ இருந்திருந்தா அவளே தொரத்தி வுட்டுருப்பா."

பெல் அடிப்பதற்குள் கேட்டுக்கு வந்துவிட்டேன். வசந்தா அக்காவுக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"டப்பா எடுத்துக்கினு வந்தாளாக்கா?"

"எங்கிட்ட வரல. என்னத் தாண்டிப் போயி பக்கத்துப் புள்ளகிட்ட நீட்டுச்சு."

"தொறந்து குடுத்துச்சா அது?"

"எங்க... ரெண்டும் மாத்தி மாத்தி மூடியக் கடிச்சிக்கினு இருந்துச்சுங்க."

டப்பாவில் பல் தடம் இருக்கிறது. இப்போது என் பக்கத்தில்தான் இருக்கிறது.

நாளைக்கும் இறுக்கித்தான் மூடுவேன் மேடம். போயிட்டு வாங்க...