சிவப்புப் புள்ளி, பச்சைப் புள்ளி

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பெயின்டர். மனுஷன் தூரிகையைத் தொட்டதே கிடையாது. பேருந்து டிக்கெட் பதிவு செய்யும் கம்பெனியின் கணினி அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர். நாள் முழுக்க நாங்கள் பார்ப்பது டெர்மினல் என்கிற கறுப்பு ஜன்னலை. படம் கிடையாது, பொத்தான் கிடையாது, வரிவரியாக எழுத்து மட்டும் ஓடும். அந்த எழுத்துக்கு எந்த நிறம், பின்னால் எந்த நிறம் என்று ஓயாமல் மாற்றிக்கொண்டே இருப்பார். அதனால் இந்தப் பட்டம்.

மற்றவர்கள் வந்த நாளில் என்ன நிறம் இருந்ததோ அதையே கட்டிக்கொண்டு அழுவார்கள். இவர் முழுக் கறுப்பு உறுத்துகிறது என்று அடர்சாம்பலுக்குப் போவார். வெள்ளை எழுத்து கூசுகிறது என்று அதில் துளி மஞ்சள் கலப்பார். "கறுப்பு மேல கருநீல எழுத்த வச்சவன் எவன்னு தெரிஞ்சா நாலு வார்த்த நறுக்குன்னு கேக்கணும்மா" என்பார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். ஊருக்கு ஊர் இருக்கும் டிக்கெட் இயந்திரங்கள் ஓடுகின்றனவா என்று கண்காணிப்பதுதான் எங்கள் வேலை. ஒழுங்காக ஓடும் இயந்திரம் அவர் திரையில் வெளிர்நீலத்தில் வரும், பழுதாகிப் படுத்துவிட்டது பளீர் மஞ்சளில் வரும். இது என்னடா கண்றாவி என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

யாரோடும் ஒட்டமாட்டார். தனியாகச் சாப்பிடுவார், தனியாக ஓர் அறை எடுத்து இருந்தார். "அந்தப் பச்சைச் சட்டைக்காரர் யாருண்ணே?" என்று யாராவது கேட்டால், போன் வந்ததுபோல எழுந்து போய்விடுவார். திமிர் பிடித்தவர் என்று அலுவலகமே முடிவு கட்டியிருந்தது.

புது மேனேஜர் வந்தார். வந்த சூட்டோடு, ஆளுக்கொரு நிறம் கூடாது, எல்லாத் திரையும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று யாரும் நிறத்தை மாற்ற முடியாதபடி பூட்டுப் போட்டுவிட்டார். ஒவ்வொரு ஊர் இயந்திரத்தின் பெயருக்கு முன்னாலும் ஒரு புள்ளி. ஓடினால் பச்சை, படுத்தால் சிவப்பு. வேறு ஒரு சொல் கிடையாது.

அன்றிலிருந்து பெயின்டர் என் உயிரை எடுக்க ஆரம்பித்தார். ஊர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். "என் பாதியையும் ஒரு பார்வ பாத்துக்கம்மா" என்று கெஞ்சுவார். "அப்ப நீங்க எதுக்குண்ணே, நாற்காலிக்குக் காவலா?" என்று கேட்பேன். சிரித்து மழுப்புவார்.

நான் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து வினை வந்தது. ஏதாவது ஒரு இயந்திரம் படுத்தால் அறையில் மணி அடிக்கும், எது என்று புள்ளியைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அதை நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். மணி அடித்திருக்கிறது. இவர் குத்துமதிப்பாக ஒன்றை நிறுத்தியிருக்கிறார். நிறுத்தியது நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரம். படுத்தது அதற்கு அடுத்த வரி. இரண்டு ஊர்களில் டிக்கெட் இல்லாமல் ஜனங்கள் கவுன்டரை உடைக்காத குறை. நான் திரும்பி வந்தபோது மேனேஜர் அவர் தலைமேல் நின்றுகொண்டிருந்தார்.

"இவ்ளோ பெரிய சிவப்புப் புள்ளி கண்ணுல படலயா? தூங்கிட்டீங்களா?"

"ஆமா சார், கொஞ்சம் அசந்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேலையில் அந்த மனுஷன் கொட்டாவி விட்டுக்கூட நான் பார்த்ததில்லை.

"தூங்குற ஆள வச்சுக்கிட்டு இந்த அறைய நடத்த முடியாது. சாயங்காலம் என்னய வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனார்.

பெயின்டரை மாடிப்படிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். "எதுக்குண்ணே பொய் சொன்னீங்க? வேல போயிரும், தெரியும்ல?"

சுவரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "செவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதாம்மா. ரெண்டுமே சேறு மாதிரிதான் தெரியும்."

இளவயதில் ரயில் ஓட்டும் வேலைக்குப் போனவரை, கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் அப்பா கதவைச் சாத்திவிட்டு, "இதப் பத்தி வெளிய மூச்சு விடாத, ஒருத்தனும் வேல குடுக்க மாட்டான்" என்றாராம். அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இவர் இன்னும் மூச்சு விடவில்லை. சாம்பலும் வெள்ளையும் தவிர வேறு சட்டை வாங்குவதில்லை. பழக்கடையில் "நீங்களே பாத்துப் போடுங்க" என்று பையை நீட்டிவிடுவார். சிநேகிதம் என்று ஒருவரைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

"நெருங்கிப் பழகினா கண்டுபிடிச்சிருவாங்கம்மா" என்றார்.

அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "தூங்குமூஞ்சின்னு பேர் வாங்கி வீட்டுக்குப் போவீங்க, இதச் சொல்ல மாட்டீங்க. நல்லா இருக்குண்ணே உங்க நியாயம்! வாங்க என்கூட." சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க விடவில்லை. அப்படியே மேனேஜர் அறைக்குக் கூட்டிப்போய் நிறுத்தினேன்.

தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார். மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "அட, இதுக்கா? எங்க சித்தப்பாவுக்கும் இதேதான் சார். முன்னாடியே சொல்லக் கூடாதா?" கீபோர்டை இழுத்தார். பூட்டைத் திறந்தார். புள்ளிகளை நீலமும் மஞ்சளுமாக மாற்றி, பக்கத்தில் 'ஓடுகிறது', 'நின்றுவிட்டது' என்று சொல்லையும் சேர்த்தார். அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. போய் வேலையைப் பாருங்கள் என்று எங்களுக்குக் கையைக் காட்டிவிட்டுப் பேசப் போய்விட்டார்.

நாற்காலிக்குத் திரும்பினோம். திரை தெளிவாக இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா? இதுக்குப் போயி பயந்து செத்தீங்களே!" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "இவ்வளவுதானாம்மா?" என்றார்.

"இவ்வளவுதாண்ணே."

"பழைய ஆபீஸ்ல ஒருத்தி இருந்தா. அவளாவே வந்து கேட்டா, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு. எனக்கு அவ மேல உசிரு. ஒரே வீட்டுல இருந்தா தெரிஞ்சுபோயிருமேன்னு பயந்து, உன்னப் பிடிக்கலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். அழுதுகிட்டே போனா."

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அவகிட்ட சொல்லியிருந்தா, அவளும் அட, இதுக்கான்னுதான் கேட்டிருப்பா. இல்லம்மா?" என்று என் முகத்தைப் பார்த்தார்.

இல்லை என்றால் பொய். ஆமாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.